ஏரிக்குள் இருக்கும் சந்தாதாரர்

தாம்பரத்தில் மின்ரயில் புறப்படக் காத்திருந்தபோது, எதிர் இருக்கையிலிருந்த பெண்மணி தம் கணவரிடம் சொன்னார்: "நம்ம வீட்டை இடிக்க வழி பண்றவனுக்குச் சந்தா கட்டியிருக்கீங்க."

"இடிக்கச் சொல்லலை. நம்ம தெரு செம்பாக்கம் ஏரிக்குள்ள இருக்குன்னுதான் அந்த நியூஸ் வெப்சைட்ல எழுதியிருக்காங்க."

"அதை ஊரே சும்மா படிக்குது. நீங்க மட்டும் ஏன் கட்டணும்?"

"யாராவது கட்டினாத்தானே அவங்க எழுத முடியும்? பேப்பர்ல எல்லாம் பில்டர் விளம்பரம். ஏரியைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க."

"அந்த பில்டர்கிட்டதானே நாம வீடு வாங்கினோம்!"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

"சந்தாதாரர்னு சொல்லி, நம்ம வீட்டை மட்டும் விட்டுடச் சொல்லுங்களேன்."

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நன்றி சொன்னாங்க. அடுத்த கட்டுரைக்கு நம்ம வீட்டு போட்டோ ஒண்ணு வேணும்னாங்க."

"அனுப்பலையே?"

"அனுப்பிட்டேன். மொட்டை மாடியில நீ துணி உலர்த்தறதும் அதுல விழுந்திருக்கு."

குரோம்பேட்டையில் நான் இறங்கியிருக்க வேண்டும். இப்போது வீட்டில் காத்திருப்பவர் எவருமில்லை என்பதால் இருந்துவிட்டேன். பல்லாவரம் நெருங்கும்போது அந்த அம்மாள் தணிந்த குரலில் கேட்டார்:

"எந்தப் புடவை கட்டியிருந்தேன்?"