எட்டாம் பலகை எழுதிய நூர்கப்தா ஐயாவுக்கு

நிப்பூர் நகரத்துப் பலகை இல்லத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் களிமண் பலகையில் எழுதும் நாணல் பிடித்து, வாயோடு போயிருக்க வேண்டிய பாட்டையெல்லாம் மண்ணோடு நிலைக்க வைத்து, கண்ணைக் கொடுத்துக் கதையைக் காத்த பெருந்தகையே! வானவர் வழக்கையும் வேந்தர் வீரத்தையும் வரி பிசகாமல் வார்த்தெடுத்த வல்லவரே! மண்ணுக்கு மதிப்புத் தந்தது போலவே மண் பிசைந்த எங்களுக்கும் மரியாதை தந்த எங்கள் ஐயா நூர்கப்தா அவர்களே! வணக்கம்.

எழுத்தர்கள் தங்களுடைய வழியனுப்பு மடலை முன்பே வாசித்துவிட்டார்கள். அது நன்றாக இருந்தது. இது மண் களத்து மடல். மண் மிதிப்பவர், நாணல் அறுப்பவர், தண்ணீர் சுமப்பவர் எனப் பதினொரு பேரும் சொல்லச் சொல்ல, அவர்களில் ஒருவனான வாரத்கூபி நான் எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் பழகிய கை. நாளெல்லாம் மிதித்துவிட்டு வந்து உட்கார்ந்த உடம்பு. வரி கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லுகல்தார் மன்னன் பாட்டைப் பதினான்கு முறை படியெடுத்த பெரியவரே! ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மண்ணில் அழுத்துவீர்கள். அதனால் அந்தப் பாட்டு எங்கள் காதிலும் விழுந்தது, காலிலும் விழுந்தது. சண்டை வரும் இடத்தில் நாங்கள் வேகமாக மிதித்தோம். சிங்கத்தைப் புரட்டிய அந்த மன்னன் சாவுக்கு மட்டும் நடுங்கி, சாகாத வரம் கேட்டு வானத்துக்குப் போகிறான். வானத் தெய்வம் அனு அவனை அடுத்த தெய்வமான என்லிலிடம் அனுப்புகிறார், என்லில் என்கியிடம் அனுப்புகிறார், என்கி சூரியனைக் கைகாட்டுகிறார். அந்த இடம் வந்தாலே எங்கள் ஹபில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரிப்பான்.

“நம்ம தானியக் கிடங்கு மாதிரியே இருக்கேய்யா! தெய்வம்கூட நாளைக்கு வான்னுதான் சொல்லுமா?”

“வாயை மூடுடா. என்லில் கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?” என்று அதட்டுவீர்கள். அதட்டும்போதே உங்கள் தோள் குலுங்கும்.

அந்தப் பாட்டின் எட்டாம் பலகையில் மட்டும் யாரும் சிரித்ததில்லை. மன்னன் கீழுலகம் இறங்கி, சாக வேண்டியவர்களின் பெயர் எழுதும் தேவி அசந்த நேரத்தில், தன் பெயரை எச்சில் தொட்டு அழித்துவிடுகிறான். சாவுக்கு இனி அவனைத் தேடத் தெரியாது. ஆனால் பெயரில்லாதவனை ஊருக்கும் தெரியவில்லை. தன் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெற்ற மகள் நிமிர்ந்து பார்த்து, யார் நீங்கள் என்று கேட்கிறாள். அந்த வரி வந்ததும் நாணலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நிற்பீர்கள். பதினான்கு முறையும் அப்படித்தான். நாங்கள் மிதிப்பதை நிறுத்தாமல் உங்கள் முதுகைப் பார்த்திருக்கிறோம்.

கல்யாணமான ஆண்டிலேயே காய்ச்சலுக்கு மனைவியைக் கொடுத்தவர் நீங்கள். பிள்ளையில்லை. நண்பகலில் எழுத்தர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து பெண் கொடுத்த கதை, பேரன் பிறந்த கதை பேசுவார்கள். நாங்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில், தெற்குச் சுவர் நிழலில், ரொட்டியும் வெங்காயமுமாகத் தனியே உட்கார்ந்திருப்பீர்கள். நிழல் நகர நகர நீங்களும் நகர்வீர்கள். கூப்பிட்டிருக்கலாம். முப்பத்தெட்டு ஆண்டில் நாங்கள் ஒருநாளும் கூப்பிடவில்லை.

அமாவாசைகளில் ஊரே வீட்டோடு இருந்து, முன்னோருக்கு ரொட்டி வைத்து, பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றும். நீங்களோ மண்குழிக் கரைக்கு வருவீர்கள். நாணல் அறுக்கும் தாரிபாத்து அக்கா ஒரு சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டாள். குழி சரிந்து செத்த குபுலு, மலையிலிருந்து பிடித்து வரப்பட்ட அவியா, எந்த ஊர்க்காரன் என்றே தெரியாத சினுனு என்று, சொந்தம் யாருமில்லாத எங்கள் ஆட்களுக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஆளுக்கு இரண்டு தடவை பெயர் சொல்லி.

“எதுக்குய்யா ரெண்டு தடவை?” என்று அக்கா கேட்டாள்.

“சொந்தக்காரன் கூப்பிட்டாத்தான் செத்தவங்க காதுல விழும்னு சொல்றாங்க. நான் வேத்தாள். மொத தடவை விழலேன்னா ரெண்டாவது தடவையாவது விழட்டுமே.”

“அப்போ உங்களுக்கு யாருய்யா ஊத்துவா?”

“என்னைப் பொதைக்கும்போது பக்கத்துல ஒரு பானை வெச்சிருங்க. நானே மொண்டு குடிச்சுக்கறேன்.”

அக்கா அங்கே சிரித்துவிட்டாள். எங்களிடம் வந்து சொன்னபோது அவளும் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

இப்போது உங்கள் கண் மங்கிவிட்டது. நாளை படகில் லார்சா நகருக்குப் போகிறீர்கள். அங்கே இருப்பது செத்துப்போன தம்பியின் பூட்டிய வீடு. அந்தத் தெருவில் உங்கள் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் கிடையாது. கீழுலகில் தாகத்தோடு புழுதி தின்னும் ஆவிகளில் ஒன்றாக நீங்கள் ஆகிவிடுவீர்களோ என்ற பயம் எங்களைப் பிடித்துக்கொண்டது. போன வாரம் குழிக்குள் நின்றபடியே இதைப் பேசினோம்.

“அவரு எழுத்தரு. நாம சேத்துல கெடக்கறவங்க. நம்மளப் போய் புள்ளைங்கன்னு சொல்லிக்குவாரா?” என்றான் ஹபில்.

“கேட்டாத்தானடா தெரியும்? அவரு வாயைத் தொறக்கறதுக்கு முந்தி அவருக்காக நீயே வேண்டாம்னு சொல்றியே, பெரிய மனுஷா!” என்றாள் அக்கா.

அதனால் கேட்கிறோம். பிள்ளையில்லாதவர் வளர்ந்த ஆளைப் பிள்ளையாக எடுத்துக்கொள்வது நம் ஊரில் உள்ளதுதான். அப்படிப்பட்ட பலகைகளை நீங்களே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாசகத்தையே இங்கே வைக்கிறோம்:

‘நூர்கப்தா எங்களுக்குத் தகப்பன். நாங்கள் பதினொரு பேரும் அவர் பிள்ளைகள். அவர் இருக்கும்வரை பார்லியும் எண்ணெயும் துணியும் லார்சாவுக்குப் படகில் வரும். ஆண்டில் இருமுறை எங்களில் ஒருவர் உடன் வருவார். அவர் போன பின், நாங்களும் எங்கள் பிள்ளைகளும் அமாவாசைதோறும் அவர் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவோம். குபுலு, அவியா, சினுனு ஆகியோரையும் இனி நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதற்குச் சூரியன் சாட்சி. எழுத்தர் இருவர் சாட்சி.’

ஐயா! அருமை மிக்கவரே! எங்களோடு உட்கார்ந்து உண்ணாமலே எங்களை உறவாக்கியவரே! நோயின்றி நொடியின்றி நூறு அறுவடை காண்பீர்! லார்சாவின் ஈச்சம்பழம் உங்களுக்கு இனிக்கட்டும். உறக்கம் ஆழமாக வரட்டும். இந்த வாசகத்தின் பின்பாதிக்கு வேலை வர வெகுகாலம் ஆகட்டும்.

இப்படிப்பட்ட மடலைச் சூளையில் சுட்டுத் தருவார்கள். நாங்கள் சுடவில்லை. ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தோம். எங்களிடம் முத்திரை கிடையாது. பதினொரு பேரும் விளிம்பில் நகத்தைப் பதித்திருக்கிறோம். தகப்பனின் நகத்துக்கென்று எங்கள் நகங்களுக்கு மேலே ஓரிடம் விட்டிருக்கிறோம். மனமில்லையென்றால் வெறும் வாழ்த்தாக எடுத்துப் போங்கள். எங்களுக்கு வருத்தம் இருக்கும், சொல்லிக்காட்ட மாட்டோம். மனமிருந்தால், கண் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். கையைக் கொடுங்கள், இடத்தை நான் காட்டுகிறேன். வாசிப்பதற்காகத் துணியை எடுத்தாயிற்று. வெயில் ஏறுகிறது, ஐயா, மண் காய்கிறது.

இப்படிக்கு,
மண் களத்தார் பதினொருவர்,
பலகை இல்லம், நிப்பூர்.