கீழே போறப்போ ஆண்டவர்

வரிசையைக் கண்டால் போய் நின்றுவிடுவது என் வியாதி. எத்தனையோ நூல்களைப் படித்தும் அது தீரவில்லை. பெரிய வியாழனன்று தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ் கோயிலில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று நம்பி, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு சுரங்கத் தொழிலாளி, கூடவே அவர் மனைவி; அவள்தான் ஆரம்பித்தாள்.

“ஆண்டவரை தினம் நேசிக்கிறியான்னு சாமியார் போன தடவையே கேட்டாரு. இன்னிக்கு இன்னா சொல்லப்போற? ஒழுங்கா சொல்லலன்னா ஈஸ்டர் பூசையில நன்மை அப்பம் வாங்க விடமாட்டாரு.”

“நேசிக்கிறேனே. கயித்துல தொங்கற கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள போறப்போ எல்லாம் சேசுவே சேசுவேன்னு தான் போறேன்.”

“மேலே வர்றப்போ?”

“மேலே வர்றப்போ உன்னை நினைச்சிக்கினு வர்றேன்.”

“கீழே போறப்போ கூப்பிடறது நேசம் இல்லய்யா. கயிறு அறுந்துடும்னு பயம்.”

“ரெண்டுமே பயந்தான்.”

அதற்குள் அவர் முறை வந்தது. போனவர் சீக்கிரமே திரும்பினார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“இன்னா சொன்னாரு?”

“நன்மை வாங்கலாமாம். ஆனா மேலே வர்றப்போவும் ஆண்டவரை நினைக்கணுமாம். பயம் போனப்புறம் நினைக்கிறது தான் நேசமாம்.”

“அப்ப நானு?”

“உன்னை இனிமே கீழே போறப்போ நினைச்சிக்கிறேன்.”

அந்த அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“வாணாம்யா. கீழே போறப்போ சாமியையே கூப்பிடு. எனக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது.”