ஸ்பிரிங்வெளி இறக்கம்

கூரை மடிகிற காரைப் பதுளையில் விற்பது சிரமம், ஐயா. காலையில் வெயில் அடித்தாலும் பின்னேரம் மழை வந்துவிடும். பிள்ளைகுட்டிக்காரர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பிறகு வேனை விசாரிப்பார்கள். மலிவான கார்தான். என்றாலும் நான் கார் விற்கிற என் சேலில் அது நெடுநாளாக நின்றது.

மபாஸ் உங்களிடம் சொன்னது உண்மை. என் கராஜில் அவன்தான் மெக்கானிக், பொய் சொல்லத் தெரியாதவன். அந்த வாரம் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, பிரேக் பைப் கசியுது. ஒயில் ஊத்தி வச்சிருக்கேன், ஆனா நிக்காது. ஹேண்ட் பிரேக்கும் புடிக்கல்ல. பைப் மாத்தாம பள்ளத்துல எறக்க வாணாம்."

சரி என்றேன். பைப் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவரை எனக்கு யார் மீதும் எந்தக் கோபமும் இருக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கணபதி வந்தது சனிக்கிழமை. தெமோதரையில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி நடத்துகிறார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். என் அப்பா அங்கே பெரிய கங்காணியாக இருந்தார். கணபதியின் அம்மா பெரியாயி அப்பாவின் கீழ் கொழுந்து பறித்தவர். நான் அப்படிப்பட்ட வித்தியாசங்கள் பார்ப்பவன் அல்ல. அவருக்கு என் கையாலேயே தேநீர் கொடுத்தேன். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு குடித்தார்.

"எங்கம்மா ஒங்க வீட்டு முன்வாசல்ல காலு வச்சதில்ல, சதீஸ். நான் ஒங்க ஆபீசுல ஒக்காந்து டீ குடிக்கிறேன் பாருங்க" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய அப்பா சாகும்வரை என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டார். நானும் சிரித்தேன்.

"எங்க ஓட்டிப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தோட்டத்துக்குத்தான். லயத்துல எல்லாரும் பாக்கட்டும்."

கராஜ் கதவருகே நின்ற மபாஸ் என்னைப் பார்த்தான். சாப்பிட்டுவிட்டு வா என்று அவனைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். பிறகு சாவியைக் கணபதியின் கையில் கொடுத்தேன். அந்த இடத்தில்தான் நான் தீர்மானித்தேன் என்று நீங்கள் எழுதினால் மறுக்கமாட்டேன்.

போகும்போது ஏற்றம். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுகளில் கியரைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு தடவை மிதித்துவிட்டு, "கொஞ்சம் ஆழமா போகுதே" என்றார். இந்த வகைக் காருக்கு அப்படித்தான் என்றேன். நம்பினார். வண்டி விஷயத்தில் என்னை எல்லோரும் நம்புவார்கள்.

லயத்தில் நான் இறங்கிக்கொள்வது, அவர் தனியாகக் கீழே போய் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது. என் எண்ணம் அவ்வளவுதான். ஆள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பு கொஞ்ச காலம் அடங்கவேண்டும் என்று நினைத்தேன்.

லயத்துச் சனம் முழுவதும் வந்து காரைச் சூழ்ந்துகொண்டது. பெரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"யாரு, கங்காணி மயனா? ஒங்கப்பா கொழுந்து கொறஞ்சிருச்சின்னு எத்தன நாளு எனக்கு அரப்பேரு போட்டாரு தெரியுமா? மழையில கூடையோட நிக்க வச்சே பாதிச் சம்பளம். இன்னிக்கு எம்மயன் ஒங்கள வண்டியில வச்சு ஓட்டிக்கிட்டு வர்றான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தன் வேலையைச் செய்தார், அதைச் சொல்லியிருக்கலாம்.

கணபதி அம்மாவின் கையைப் பிடித்தார். "ஒரு ரவுண்டு போவமா? சதீஸ், கொஞ்சம் எறங்குங்க. அம்மா ஒக்காரட்டும்."

இறங்கத்தான் நினைத்திருந்தேன், ஐயா. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் இறங்கச் சொல்லப்பட்டேன். இரண்டும் ஒன்றல்ல.

பெரியாயி காரின் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "மேல ஒண்ணுமே இல்லியே தம்பி. பள்ளத்துல பயமில்லியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

"பயப்படாதீங்க. நல்ல வண்டி" என்றேன்.

கூரையை மூடட்டுமா என்று கணபதி கேட்டார். திறந்தே இருக்கட்டும், காற்று வரும் என்றேன்.

முதல் வளைவை நன்றாகவே எடுத்தார். பெரியாயி எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டியது தெரிந்தது. அதற்கப்பால் தேயிலை மறைத்துவிட்டது. ஹோர்ன் சத்தம் விடாமல் கேட்டது. பெண்கள் அதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. சத்தம் நின்ற பிறகு எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். கணபதியை மேட்டுக்குத் தூக்கிவரக் கை கொடுத்தேன். கணபதி வெளியே எறியப்பட்டுத் தேயிலைச் செடிகளில் விழுந்திருந்தார், உயிர் இருந்தது. கார் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தலைகீழாகக் கிடந்தது. பெரியாயி அதற்குள் இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கணபதியைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "நான் மிதிச்சேன், ஐயா. மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன். எங்கம்மாவ நானே கொன்னுட்டேன்" என்று அழுதார். முதல்தடவையாக என்னை ஐயா என்றார். அவர் மீது எனக்கு இப்போது எந்த வருத்தமும் இல்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

பிரேக் விஷயம் தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன். அதில் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அந்தக் கிழவியை நான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நியாயமில்லை. அவரை நான் ஏறச் சொல்லவில்லை. அவராகத்தான் ஏறினார். பெல்ட் போடத் தெரியாமல் தடுமாறினார். குனிந்து இறுக்கிப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.