மண் காய்ந்த இடம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் யோங்தேயின் சித்தப்பா தொக்சுவுக்கு நடந்தது.

மாலை ஆறு மணி இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஊருக்கு இறங்கும் மலைச்சாலை... முழங்கால்வரை பனி. எதிரே ஆளில்லை. தொக்சுவின் பூட்ஸ் மட்டும் நறுக் நறுக்கென்று. ஊரில் எல்லாப் புகைக்கூண்டும் புகைந்துகொண்டிருந்தது. அவர் வீட்டுக் கூண்டு மட்டும் சும்மா நின்றது.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் மகள் மியோக் போனாள். ஆறு வயது. குளிருக்கு இதமாக, தரையின் சூடான மூலையில் படுத்திருந்தாள். அங்கெல்லாம் கரியடுப்பின் புகையைத் தரைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டுத்தான் அறையைச் சூடாக்குவார்கள். அந்த நச்சுப் புகை, கற்களின் மேல் பூசிய மண்ணில் இருந்த மயிரளவு வெடிப்பு வழியாக, அதன்மேல் ஒட்டிய எண்ணெய்க் காகிதத்தையும் தாண்டி ஏறிவிட்டது. காலையில் எழுப்பினார்கள்... எழவில்லை. கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

அந்த மண்ணைப் பூசியவர் தொக்சு.

தரையை உடைத்தார். வைக்கோல் கலந்து புது மண் குழைத்து, விரலால் தடவித் தடவிப் பூசினார். அது காய அடுப்பு மூட்ட வேண்டும். மனைவி மல்சூன் விடவில்லை. அடுப்பு வாயை மறித்து உட்கார்ந்துகொண்டாள். மண் ஈரமாகவே கிடந்தது.

அன்று மாலை பனியில் நடந்து வந்து கதவைத் திறந்தார். அந்த ஈரமண்ணில் கன்னத்தை வைத்து மல்சூன் படுத்திருந்தாள். தூக்கப் போனவரின் கையைப் பிடித்துத் தரையில் வைத்தாள்.

"சூடா இருக்கு பாருங்க... சத்தம் போடாதீங்க. பிள்ளை தூங்குது."

வெதுவெதுவென்று இருந்தது.

ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தார். சாம்பல்கூட இல்லை. பக்கத்துக் குடத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. விளக்கோடு திரும்பி வந்தார். அறை முழுக்கக் கறுத்த ஈரம். ஒரே ஓர் இடம் வெளுத்துக் காய்ந்திருந்தது... ஒருக்களித்துப் படுத்த குழந்தையின் அளவுக்கு. குனிந்தால், தூங்கும் பிள்ளையின் தலைமுடி வாசனை.

மண்வெட்டியை எடுத்தார்.

"இன்னொரு தடவை அவளை என்கிட்டேருந்து எடுத்துடாதீங்க" என்றாள் மல்சூன்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் அழுத அழுகை பக்கத்து வீடுவரை கேட்டதாம்.

அப்படியே விட்டு, மேலே காகிதம் ஒட்டினார்கள். அந்த அறையில் பிறகு அடுப்பு எரியவே இல்லை. அந்த இடத்தை நடுவில் விட்டு, ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டார்கள்.

மூன்று குளிர்காலம் போனது. காகிதம் கிழிந்ததால் தொக்சு அதை உரித்தார். அந்த இடத்தில் கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனார்... நிறுத்தினார். வெதுவெதுப்பு கால்மாட்டில் ஒரு சாண் நீண்டிருந்தது.

மல்சூனும் தொட்டுப் பார்த்தாள். தன் மெத்தையை இழுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.