மயிலனுக்குப் பதினாறு நாள் கூடுதல்

என் உண்மையான பிறந்த தேதி எனக்குத் தெரியாது. சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருக்கிறது. என்னைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதி. அதை வைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், தலைமையாசிரியர் ஆனேன், ஓய்வும் பெற்றேன். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறேன். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பாண்டிமீனாவுக்கு ஒரு விரல் எட்டவில்லை. கழுத்தைச் சாய்த்துக் காதைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே ஒரு தேதியை எழுதினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு என் வீட்டில் நாய்களுக்குச் சோறு பொங்கி வைக்க வந்தவளும் அவள்தான். நான் என்ன சொன்னாலும் அவளுக்குச் சரி.

நீங்கள் மயிலனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் சிப்பிப்பாறை நாய். சாம்பல் நிறம், ஒடுங்கிய இடுப்பு, ஓடினால் தரையில் கால் படுகிறதா என்று சந்தேகம் வரும். நான் பதினோரு வருடமாக மதுரை நாய்க் கண்காட்சிக்குப் போகிறேன். கலந்துகொண்டதற்கான காகிதத்தைத் தவிர வேறொன்றும் வாங்கி வந்ததில்லை. மனைவி போன பிறகு எனக்கென்று இருந்த ஆசை ஒரு கோப்பைதான். பெரிய ஆசை என்று நான் நினைக்கவில்லை.

அவன் பிறந்தது ஜனவரி மூன்றாம் தேதி. அடுத்த வருடக் கண்காட்சி ஜனவரி பத்தொன்பது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது முடியும்வரை குட்டிகள் பிரிவு. ஒரு வயது முடிந்துவிட்டால் இளம் நாய்கள் பிரிவு. அதில் காளவாசல் மருந்துக்கடை சூர்யபிரகாஷின் நாய் இருந்தது. அதன் பக்கத்தில் எந்த நாய் நின்றாலும் கழுதை மாதிரித்தான் தெரியும். குட்டிகள் பிரிவிலோ மயிலனுக்கு ஈடு கிடையாது. நடுவில் நின்றது பதினாறு நாள்.

நாட்டு நாய்களுக்கு அங்கே வேறு பத்திரம் கேட்பதில்லை. தடுப்பூசி அட்டையில் என்ன பிறந்த தேதி இருக்கிறதோ அதுதான் வயது. குட்டியாக இருக்கும்போதே இதையெல்லாம் யோசித்துவிட்டேன். ஒரு தேதியைத் தள்ளிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் வளரவிட்டு வெறிநோய் ஊசிக்குக் கொண்டுபோய், மூன்று மாதக் குட்டி என்றேன். டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு விழுந்து முளைச்சிருச்சே சார். இவனுக்கு நாலரை மாசம் இருக்கும். அப்படித்தான் எழுதுவேன்."

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்பி வந்தேன். வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. ஒரு வெற்று அட்டை வாங்கி, பிப்ரவரி பத்து என்று பிறந்த தேதி போட்டேன். வீட்டிலிருந்த அவன் கிழட்டுத் தாய் நாய்க்கு ஊசி போட்டபோது மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதை ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும்.

ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு அட்டையைக் கிழித்து எறிந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எறிந்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. கண்காட்சி முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் சமணர் மலை அடிவாரத்தில் ஓடவிட்டிருந்தபோது ஒரு தெருநாய் அவன் பின்னங்காலைக் கடித்தது. சின்னக் காயம். முடி முளைக்காமல் போய்விட்டால் நடுவர் கண்ணில் படுமே என்று தினமும் எண்ணெய் தடவினேன். நன்றாகவே முளைத்தது.

பொங்கல் முடிந்த வியாழக்கிழமை காலை, முட்டைச் சோறு வைக்கும்போது பாண்டிமீனாவின் கையை மயிலன் கடித்துவிட்டான். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கியிருந்தது. நானே குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்துர்றேன் சார். சும்மாதேன போடுறாக," என்றாள்.

போனால் யார் வீட்டு நாய் என்று கேட்பார்கள். பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொல்வார்கள். கண்காட்சிக்கு இருந்தது மூன்றே நாள். உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தேன்.

"இங்க பாரு. ஊசி போட்ட நாய். நீ எதுக்கு அஞ்சாறு தடவை அலையணும்?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். நான்தான் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவன். "நீங்க சொன்னாச் சரிதேன் சார்," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரனிடம் காட்ட ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மயிலன் முதலாவதாக வந்தான். நடுவர் அவன் நடையை இரண்டு தடவை பார்த்தார். கோப்பையை வாங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். திங்கட்கிழமை அவன் குரல் மாறியது. செவ்வாய் தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. பாண்டிமீனாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை செத்துப்போனான். என்ன நோய் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தென்னைக்குக் கீழே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். மறுநாள் வந்தவளிடம், ராஜபாளையத்தில் ஒரு நண்பர் ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பிட்டீகளே," என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போதும் நேரம் இருந்தது என்று டாக்டர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அதற்குப் பிறகு முப்பத்தைந்து நாள் இருந்தது. அத்தனை நாளும் அவள் வந்தாள். வாசல் கூட்டினாள், தாய் நாய்க்குச் சோறு வைத்தாள். அவள் கைக்காயம் ஆறியதை நான் தினமும் பார்த்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அட்டை வெளியே வரும். கோப்பையைத் திருப்பிக் கேட்பார்கள். ஊரே சார் என்று கூப்பிட்ட மனுசன் நாய்க்கு வயதைக் குறைத்தான் என்று காளவாசலில் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள். எல்லா நாய்க்கடியும் நோயாக மாறுவதில்லை என்றும் படித்திருந்தேன். அவள் உடம்பு திடமான உடம்பு. இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க முடியும் என்று இன்னும் விளங்கவில்லை.

முப்பத்தைந்தாவது நாள் கடித்த கை மரத்துப்போகிறது என்றாள். தண்ணீர் கொடுத்தேன். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கணவன் சோணை டாக்டரிடம் செல்போனை நீட்டிக்கொண்டே இருந்தான். "ஊசி போட்ட நாய் சார். இந்தாருக்கு அட்டை. நல்லாப் பாருங்க சார்." டாக்டர் பார்க்கவில்லை. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சோணை என் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் சொல்லுங்க சார்," என்றான். படித்தவன் பேசினால் ஆஸ்பத்திரி கேட்கும் என்று அவன் நம்பினான். மகள் தமிழ்வாணிக்கு அடுத்த வாரம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அவள் சுவரோரம் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

பாண்டிமீனாவைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"மயிலன் அங்கிட்டு நல்லா இருக்கானா சார்?"

"நல்லா இருக்கான்மா."

"அப்ப எனக்கு அதுவா இருக்காது," என்று கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிலைமையில் அவளுக்கு என்னால் செய்ய முடிந்த உதவி அதுதான். அதை நான் செய்தேன்.