அறுநூறு வோல்ட் மீட்டர்

மார்ச் 14, வியாழன்

திங்கட்கிழமை எலக்ட்ரிகல் மாலை வகுப்பில் ஒரு விடையைத் தவறாக எழுதிவிட்டேன். மின்னழுத்தம் அளக்கும் கை மீட்டரில் வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று முதல் நான்கு வரை ஒரு பிரிவு எண் இருக்கும். வோல்ட் கூடினால் பிரிவும் கூடும் என்று எழுதியிருந்தேன். வாத்தியார் அடித்துத் திருத்தினார். பிரிவு எண் இடத்தைக் குறிக்கிறதாம். சுவர் பிளக்குக்கு இரண்டு போதும். வெளியிலிருந்து மின்சாரம் நுழையும் மெயின் பேனலுக்கு நான்கு வேண்டும். அங்கே பெரிய மோட்டார் நிற்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் பல ஆயிரத்துக்குத் துள்ளலாம். இரண்டாம் பிரிவு மீட்டர் கையிலேயே வெடிக்கும். இரண்டு வகை மீட்டரிலும் அறுநூறு வோல்ட் என்றுதான் போட்டிருக்கும்.

தொழிற்சாலையில் கருவி அறை என் பொறுப்பு. எங்கள் மூத்த எலக்ட்ரீஷியன் நல்லவர். ஐந்து மணிக்கே என்னை வகுப்புக்கு அனுப்பிவிட்டு என் அறையை அவரே பூட்டுவார். ஒரே பழக்கம், மீட்டர் ஒயரின் ஊசிமுனையால் காது குடைவார். முனையில் ஒட்டியதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். சட்டையில் துடைப்பார், அதையும் சரியாகத் துடைக்க மாட்டார். தேன் நிறத்தில், ஒரு முடியோடு, மாலையில் அது என் மேஜைக்குத் திரும்பி வரும்.

“என்ன தம்பி, மூஞ்சி இஞ்சி தின்ன குரங்கு மாதிரி இருக்கு? வீட்ல அவ சொல்றது எதுவும் உள்ள ஏற மாட்டேங்குதாம். காதுல தடை எத்தனை ஓம்ஸ்னு பாக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் துணியைத் தேடினேன். இரண்டு வருடம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எத்தனை முறை கழுவினாலும் விரலில் அந்த வழவழப்பு போகவில்லை. சொல்லிப் பார்த்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வயதில் மூத்தவரிடம் அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது.

இந்த வாரம் முழுக்க அவருக்கு மெயின் பேனலில் வேலை. நான்காம் பிரிவு மீட்டரை நன்றாகத் துடைத்து மேல் தட்டில் வைத்துவிட்டேன். செவ்வாயன்று இரண்டாம் பிரிவு மீட்டரைக் கொடுத்தேன்.

“மெயினுக்கு இது தாங்குமாப்பா? படிக்கிற கண்ணாடி வேற கொண்டு வரல.”

“அறுநூறு வோல்ட் போட்டிருக்கு அண்ணே.”

“நீ படிக்கிற புள்ள. நீ சொன்னா சரி.”

நான் பொய் சொல்லவில்லை.

தினமும் மூன்று மணிக்குப் பெரிய கம்ப்ரசர் மோட்டாரை நிறுத்துவார்கள். மீட்டரை இரண்டு ஐம்பதுக்குக் கொடுத்தேன். முழுசாகத் திரும்பி வந்தார். புதனும் அப்படியே. நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று பாடத்தை மறுபடி படித்தேன். இன்று சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உன்னப் பத்திதான் தம்பி எப்பவும் பேசுவாரு.” அவர் உள்ளங்கை மூக்குநீரால் ஈரமாக இருந்தது. அவர் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு கழுவினேன்.

விபத்து என்று பதிவு செய்திருக்கிறார்கள். அது தவறு. தெரிந்தேதான் கொடுத்தேன், மூன்று நாளும். கருவிகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நாளைய வேலை: பேனலுக்குப் புது எலக்ட்ரீஷியன் வருகிறார். நான்காம் பிரிவு மீட்டரை எடுத்து வைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன், அவர் நகம் கடிப்பவரா என்று பார்க்க வேண்டும்.