பெரியவரையும் சின்னவரையும் ஒரே கணினியில் குடிவைத்து, இன்று பணி ஓய்வு பெறும் பேராசிரியர் அமுதவல்லி அம்மையார்க்கு

கட்டளைத் திரையின் காவல் தெய்வமே! கணினித்துறையின் கனிவும் கண்டிப்புமே! அம்மையீர்!

இம்மாவட்டத்தில் திருமயம் கோட்டைக்கு அடுத்தபடியாக எம்முற்றுகைக்கும் அசையாதது நம் கல்லூரிக் கணினி ஆய்வகமே என்று இப்பேரவை முன் அறிவிக்கிறோம். கோட்டைக்குப் பீரங்கிகள் இருந்தன. நமக்குத் தாங்கள் இருந்தீர்கள்.

மாணவர் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தரும் கம்பைலர், ஆய்வகக் கணினிகளை இயக்கும் லினக்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் புதிதாக வந்து இறங்கும். வந்தவரை வரவேற்ற தாங்கள், இருந்தவரை விரட்டியதில்லை. பழையவருக்குப் 'பெரியவர்', புதியவருக்குச் 'சின்னவர்' என்று பெயரிட்டுத் திரையோரம் சீட்டும் ஒட்டினீர்கள். கறம்பக்குடி பஸ்ஸில் வரும் முதலாண்டுப் பிள்ளைகூட, "மேடம், பெரியவரு என்னமோ மொணமொணங்கிறாரு, ஆனா வேலைய முடிச்சுட்டாரு" என்று சொல்லும்.

இளைய பேராசிரியர் செம்மல் மட்டும் சிரித்தார். "என்ன மேடம், கம்பைலருக்கெல்லாம் மொறை வச்சுக்கிட்டு? எலை போட்டுப் பந்தி வைக்கவா போறீங்க?"

சென்ற ஆண்டு லினக்ஸைப் புதுப்பித்தவர் அவரே. 'இவை இனித் தேவையில்லை; நீக்கலாமா?' என்று கணினி பழையவற்றைக் காட்டிக் கேட்டது. 'ஆம்' என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் செய்முறைத் தேர்வு. பெரியவர் எச்சரிக்கை காட்டி முணுமுணுத்தபடியே அனுமதித்து வந்த நிரல்களைச் சின்னவர் பிழையென்று வாசலிலேயே நிறுத்தினார். புறத்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இறுதியாண்டு பிரகதீஸ்வரி அழுதேவிட்டாள்: "மேடம், இதுல போச்சுன்னா கெடச்ச வேலையும் போயிரும்."

தாங்கள் முதலில் செம்மலை ஒரு பிடி பிடித்தீர்கள். பிறகு அமர்ந்து, பெரியவரைச் சின்னவரின் பக்கத்திலேயே மீண்டும் நிறுவி, கூப்பிட்டால் அவரே முதலில் வரும்படி மாற்றினீர்கள். "அங்கிட்டு அவரு இருக்கட்டும், இங்கிட்டு இவரு இருக்கட்டும். இடமா இல்ல? ஒனக்கு யாரு வேணுமோ கூப்பிட்டுக்க, தாயி." பிரகதீஸ்வரியின் நிரல் ஓடியது, இன்று அவள் வேலையில் இருக்கிறாள்.

அம்மையீர்! இன்று நாட்காட்டி தங்களைக் காட்டி அதே கேள்வியைக் கேட்கிறது. நாங்கள் 'ஆம்' என்று அழுத்தமாட்டோம். ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லை. கண்ணொளி குன்றாது, முழங்கால் முரண்டு பிடிக்காது, பேரப்பிள்ளைகளின் எந்தப் புதுப்பிப்பும் தங்களை அசைக்காது பல்லாண்டு வாழ்க!

இன்னொன்று. இன்று காலை நாற்காலி எடுக்க ஆய்வகத்துக்குப் போனோம். நேற்று மீண்டும் லினக்ஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. இம்முறை பெரியவரை எதுவும் நீக்காதபடி ஒவ்வொரு கணினியிலும் பூட்டு விழுந்திருந்தது. தங்கள் மேசைக் கணினியில் ஒரு புதுச் சீட்டு, செம்மலின் கோணல் கையெழுத்தில்:

'பெரியவங்க இருக்காங்க. யாரும் எடுத்துறாதீங்க.'

இங்ஙனம்,
தங்களைக் கூப்பிட்டுப் பழகிய
கணினித்துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்